அம்மாவின் வலி மனசிலா என்று கேட்ட மகனுக்கு

தம்பி, இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் வரும், பதில் வராது. நிச்சயதார்த்தம் முடிந்து வந்ததிலிருந்து நாம் இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். அதனால் என் பேஸ்புக் பக்கத்தில், சொந்தக்காரர்களும் என் போன் ரிப்பேர் கடைக்கு வரும் கஸ்டமர்களும் படிக்கிற இடத்தில் இதைப் போடுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. நம் ஆட்களுக்குப் பெயர் தேவைப்படாது, மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உன் அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு இடத்தை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். இத்தனை நாள் இந்தப் பக்கத்தில் நான் போட்டதெல்லாம் என் ஹீரோவின் போஸ்டரும், புதுப் போன் வந்தால் அதைப் பிரித்துக் காட்டும் வீடியோவும்தான். நாற்பத்தைந்து வயது ஆள் காலேஜ் பையன் மாதிரி ஸ்டேட்டஸ் போடுகிறார் என்று நீயே கிண்டல் செய்திருக்கிறாய். இன்று அந்தத் துள்ளலை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல எழுதப் பார்க்கிறேன். நம் வீட்டு விஷயம் என்று நினைத்து எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் எழுதியதை நீ பாதியில் மூடிவிடுவாய்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் விழுப்புரத்தில் உனக்குக் கல்யாணம். உன் அம்மா வரப்போவதில்லை என்கிறாள். சண்டையாகச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே, கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "முடிஞ்சா வா, முடியலன்னா வராத, வந்துட்டு படுத்துக்காத" என்று நிச்சயதார்த்தம் முடிந்து வேனில் திரும்பும்போது நீ சொன்னாய் அல்லவா, அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் எப்படி இருக்கும் என்பது அந்த நாள் விடிந்து கண் திறக்கும்போதுதான் அவளுக்கே தெரியும். ஒரு மாதம் முன்னால் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. வந்து உன் மானத்தை வாங்குவதைவிட வராமல் இருப்பது மேல் என்று கணக்குப் போட்டுவிட்டாள்.

நிச்சயதார்த்தத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ மாப்பிள்ளைக் கோலத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தாய், நான் ஓரத்தில் இருந்தேன். ஓரத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் காலையிலிருந்து இருட்டும்வரை உன் அம்மா அடுப்புக்கு முன்னால் நின்று அதிரசம் சுட்டாள். நான் தடுத்தேன். "இன்னிக்கு ஒடம்பு நல்லா கீது மாமா, வுடு. நல்லா இருக்கற அன்னிக்கே செஞ்சிடணும்" என்றாள். மறுநாள் காலையில் அவளால் சீப்பைப் பிடித்துத் தலை வார முடியவில்லை. நான்தான் வாரிப் பின்னிவிட்டேன், கோணலாக வந்தது, பூ வைத்து மறைத்துக்கொண்டாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை வேனில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தட்டு மாற்றும்போது எழுந்து நின்று சிரித்த முகமாகத் தட்டை வாங்கினாள். பத்திரிகை வாசிக்க ஆரம்பித்ததும் மெதுவாக எழுந்து உள்ளே போய், பெண்ணின் அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். அதுவரைக்கும் யாரும் கவனிக்கவில்லை.

பந்தி போட்டபோதுதான் வினை வந்தது. நம் பக்கத்தில் கை நனைப்பது என்பது வெறும் சாப்பாடு இல்லை, உனக்கே தெரியும். சம்பந்தம் பிடிக்காத வீட்டில் தண்ணீர் குடித்தாலும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா இலையில் உட்காரவில்லை. உன் மாமியார் வாசற்படியில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணி, எழுந்து வாங்க, எல போட்டாச்சு."

"நீங்க சாப்டுங்க அண்ணி. நான் கொஞ்ச நேரம் இப்டியே இருக்கறேன்."

"ஒரு வாய் சாப்டுட்டு படுங்களேன்."

"இல்ல அண்ணி, கை தூக்க முடியல."

இதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்ற ஒரு பெண் இன்னொருத்தியிடம், "கை தூக்க முடியலயா, கை நனைக்க இஷ்டம் இல்லயா? பொண்ணு நெறம் புடிக்கல போல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் நான் சாம்பாரை வாங்கி முடிப்பதற்குள் அது பந்தியைச் சுற்றி என் இலைக்கு வந்துவிட்டது. உன் இலைக்கும் வந்தது என்பதை உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது வேனில் நீ பேசியதை நான் மறுபடி எழுதவில்லை என்றால் இந்தக் கடிதத்துக்கே பொருள் இல்லை. "நேத்து பூரா நின்னுக்கினு அதிரசம் சுட்ட கைக்கு இன்னிக்கு ஒரு வாய் சோறு எடுக்க வரலயா? எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். அந்த மாத்திர கூட டிப்ரஷனுக்கு குடுக்கறதுதான்னு மெடிக்கல் ஷாப்ல சொன்னாங்க. இது மனசும்மா. சின்னதுல நான் முதுகுல மிதிச்சா எழுந்து போனல்ல? கால் பட்டா போற வலி மனசுல இல்லாம வேற எங்க இருக்கு?" அம்மா "சரிப்பா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கடைசிக் கேள்வி எனக்கும் சரியென்றே பட்டது.

இந்த நோய்க்குப் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. முதல் தடவை டாக்டர் சொன்னபோது என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். நீ ஆறாவது படிக்கும்போது ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்ததே, நம் மூவருக்கும் வந்தது. உனக்கும் எனக்கும் போய்விட்டது. அவளுக்குக் காய்ச்சல் போனது, வலி போகவில்லை. ஒரு நாள் தோள், ஒரு நாள் இடுப்பு, சில நாள் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் உடம்பு பூரா. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரி இருப்பாள். பேசிக்கொண்டே இருக்கும்போது சின்னச் சின்ன வார்த்தை மறந்துபோகும், கரண்டியைக் காட்டி "அதை எடு" என்பாள். திண்டிவனத்தில் ரத்தம் கொடுத்தோம், விழுப்புரத்தில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தோம். எல்லாவற்றிலும் நார்மல். நார்மல் என்று வந்தால் மனுஷன் சந்தோஷப்படுவான். அவள் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். ஏதாவது ஒன்று இருக்கிறது என்று வந்திருக்கலாமே என்று சொன்னாள். அப்போது எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது ஒலக்கூரில் உன் மாமா நிலத்தில் மல்லாட்டை ஆய்ந்தபோது புரிந்தது. முதல் நாள் எல்லாப் பெண்களோடும் உட்கார்ந்து செடியிலிருந்து கடலைக்காய் பறித்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, மற்றவர்களைவிடக் கூடவே ஆய்ந்துபோட்டாள். அடுத்த நாள் படுக்கையிலிருந்து எழவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. உன் மாமா வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இன்னா மச்சான், என் அக்கா முந்தாநாளு அவ்ளோ ஜல்தியா ஆஞ்சா. இன்னிக்கு டம்ளர் தூக்க முடியலன்னு சொல்றா. இது இன்னா நோவு? நோவுன்னா தெனமும் நோவணும்ல?"

அவள் உள்ளே இருந்து, "உனக்கு காசு குடுத்து ஆள் வெக்க மனசில்ல, அதுக்கு என் நோவ கேள்வி கேக்கற" என்றாள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. கால் ஒடிந்தவனுக்குத் தினமும் ஒடிந்திருக்கும். இவளுக்கு மட்டும் ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. நல்ல நாளில் செய்கிற வேலையே கெட்ட நாளில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மல்லாட்டை அன்றைக்குச் சொன்னது, அதிரசம் இன்றைக்குச் சொல்கிறது.

பாண்டிச்சேரியில் ஒரு லேடி டாக்டர்தான் கடைசியில் பெயர் சொன்னார். அவர் கழுத்துக்குப் பின்னால், தோளில், முழங்கைக்குப் பக்கத்தில் என்று கட்டை விரலால் லேசாக அழுத்திக்கொண்டே வந்தார். அதே அழுத்தத்தை என் கையில் அழுத்திக் காட்டினார், எனக்கு ஒன்றுமே இல்லை. உன் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். நான் நேராகவே கேட்டேன்.

"மேடம், இது ஒடம்பா, மனசா?"

"மூளை எதுல இருக்கு சார்? உடம்புலதானே. வலிய உணர்றது அங்கதான். இவங்களுக்கு அது எல்லாத்தையும் பெருசாக்கி உணருது. ஏன்னு முழுசா எங்களுக்கே தெரியாது. ஆனா வலி நிஜம்."

"கவலப்பட்டா கூடுது மேடம்."

"கூடும். கவலைப்பட்டா சுகர் கூடத்தான் கூடும். அதுக்காக சுகர் கவலையால வந்துச்சுன்னு சொல்லிடுவீங்களா?"

மாத்திரையைப் பற்றியும் அவரே சொன்னார். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அதே மருந்தை இந்த மாதிரி வலிக்கும் கொடுப்பார்கள், கடையில் வேறு மாதிரி சொன்னால் பயப்படாதீர்கள் என்றார். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், நல்ல நாளில் அளவுக்கு மீறிச் செய்யக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது என்றார். மெடிக்கல் ஷாப்பில் உன்னிடம் சொன்னது பொய் இல்லை. பாதிதான் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். பிளஸ் டூவைத் தாண்டாத நான் போன் ரிப்பேரை எங்கே கற்றுக்கொண்டேனோ அங்கேயே போய் உட்கார்ந்தேன். வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். இங்கிலீஷ் கட்டுரைகளை மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தேன், அதில் 'மென்மையான புள்ளிகள் கோபமாக உள்ளன' என்று வந்ததைப் பார்த்து உன் அம்மா வலியிலும் சிரித்தாள். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் கமெண்டில் இரண்டு கட்சி. நரம்பு நோய் என்று ஒரு கட்சி, எல்லாம் மனசு என்று ஒரு கட்சி. என் ஹீரோவின் ரசிகர்களும் எதிர் ஹீரோவின் ரசிகர்களும் அடித்துக்கொள்வதைவிட மோசமாக அடித்துக்கொண்டார்கள். நான் ஒரு வாரம் இந்தக் கட்சி, ஒரு வாரம் அந்தக் கட்சி. கடையில் என் பிழைப்பே ஒரு கேள்விதான்: போனில் பழுது ஹார்டுவேரிலா, சாஃப்ட்வேரிலா. ஒரு நாள் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவளிடம் போய், "உன் போர்டு நல்லா இருக்கு, சாஃப்ட்வேர்லதான் ப்ராப்ளம்" என்றேன்.

"சரி, சாஃப்ட்வேர்னா நீ இன்னா பண்ணுவ?"

"ரீசெட் போடுவேன்."

"ரீசெட் போட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்னு கஸ்டமருகிட்ட சொல்லுவல்ல மாமா? எனக்கு எத அழிக்கப் போற? உன்னயா, புள்ளயயா? உன்னன்னா ஜல்தியா போடு."

அதோடு அந்த உதாரணத்தை விட்டுவிட்டேன். ஆனால் கேள்வியை விடவில்லை. எனக்கு என்னுடைய உடம்பிலேயே ஒரு சாட்சி இருந்தது, அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது, நீ இன்னும் பிறக்கவில்லை. என் ஹீரோவின் படம் திண்டிவனத்தில் முதல் நாள் முதல் காட்சி. கட்-அவுட் சட்டத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். கூட்டத்தில் செருப்பு எங்கேயோ போய்விட்டது. உள்ளே போய் ஆடினோம், பேப்பரைக் கிழித்து வீசினோம், தொண்டை கட்டிப்போனது. இடைவேளையில் வெளிச்சம் வந்ததும் பக்கத்தில் நின்ற நண்பன் கீழே பார்த்தான்.

"டேய், இன்னாடா ரத்தம்?"

"யாருதுடா?"

"உன்துதான்டா பேமானி, கால பாரு."

சட்டத்திலிருந்து கழன்ற ஆணி ஒன்று என் உள்ளங்காலில் ஏறி நின்றிருந்தது. அதோடு நான் அரைப் படம் ஆடியிருக்கிறேன். பார்த்த அந்த நொடிதான் வலித்தது, வலித்தது என்றால் என்னைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு. இடைவேளைக்குப் பின்னால் என்ன கதை என்று எனக்கு நண்பன்தான் ஆஸ்பத்திரியில் சொன்னான். இப்போது யோசித்துப் பார். ஆணி இருந்தது, ஓட்டை இருந்தது, ரத்தம் இருந்தது, வலி மட்டும் இல்லை. அன்றைக்கு யாரும் என்னைப் பொய் சொல்கிறவன் என்று சொல்லவில்லை. வெறியன் என்றார்கள், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆணி இருந்தும் வலிக்காமல் இருக்கலாம் என்பதை ஒரு தியேட்டரே ஒத்துக்கொண்டது. ஆணி இல்லாமல் வலிக்கலாம் என்பதை மட்டும் நம் வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

இனி உன் காலுக்கு வருகிறேன். படிக்கிறவர்களில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு விளக்கம். பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முன்னே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நீ அப்படிப் பிறந்தவன். நீ நடக்க ஆரம்பித்ததிலிருந்து நம் தெருவில் உனக்குத் தனி மரியாதை. எதிர்வீட்டு பஸ் கண்டக்டர், "குட்டி டாக்டர் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே வந்து பாயில் குப்புறப் படுப்பார். நீ சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, அவர் இடுப்பில் மூன்று தரம் மிதிப்பாய். அவர் எழுந்து இப்படியும் அப்படியும் வளைந்து பார்த்து, "வுட்டுச்சுப்பா" என்பார். நிஜமாகவே விட்டிருக்கும், அவர் நடிக்கிறவர் இல்லை. அந்தக் கண்டக்டரின் முதுகில் நடந்தது உடம்பா மனசா என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

அம்மாவுக்கு இந்த வலி வந்த பிறகு, ஸ்கூலிலிருந்து வந்ததும் பையை வைத்துவிட்டு நேராக அவளிடம் போவாய். "படும்மா, மிதிக்கறேன்." படுப்பாள். அப்போது நீ குட்டி இல்லை, நல்ல எடை. முழு எடையையும் வைத்து ஏறி நின்று மிதிப்பாய். "எப்டி இருக்கு?" என்பாய். "போயிடுச்சுடா" என்பாள். நீ கிரிக்கெட் பேட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாய். மீசை அரும்பி உனக்கே வெட்கம் வருகிறவரை இது தினமும் நடந்தது. வேனில் நீ கேட்ட கேள்வி இங்கேயிருந்துதான் வந்தது. மிதித்தால் போனது, அதனால் மனசு. உன் தரப்பில் இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. நீ கண்ணால் பார்த்தது, உன் காலாலேயே செய்தது.

வேனிலிருந்து இறங்கி வந்து இரண்டு நாள் கழித்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான் அதே கேள்வியை மெதுவாகக் கேட்டேன். "அவன் மிதிச்சா அப்ப கேட்டுச்சு. இப்ப மட்டும் ஏன் எதுக்கும் கேக்க மாட்டேங்குது?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எப்ப கேட்டுச்சு?"

"நீதான போயிடுச்சுன்னு சொல்லுவ."

"ஒவ்வொரு மிதிக்கும் உசுரு போய் உசுரு வந்துச்சு மாமா. தைலம் தேச்ச வெரலு பட்டாலே எரியற ஒடம்பு இது. அவன் ஏறி நின்னா எப்டி இருக்கும்?"

"அப்ப எதுக்கு தெனமும் போய் படுத்த?"

"ஊருல இருக்கறவன் எல்லாம் அவன் கால் பட்டு எழுந்து போறான். பெத்தவளுக்கு மட்டும் ஆவலன்னா புள்ள இன்னா நெனைக்கும்? அவன் கால்ல கொறன்னு நெனைச்சிக்காதா?"

இதற்கு அடுத்து அவள் சொன்ன ஒன்றைத்தான் எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். நீ அவளிடமே கேட்டுக்கொள். நான் எழுந்து கடைக்குப் போய் ஒரு போனைப் பிரித்துப்போட்டு, எதற்குப் பிரித்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்வது உன்னைக் குற்றவாளி ஆக்க இல்லை. நீ சின்னப் பையன், அம்மா வலிக்குதா என்று கேட்டு வருகிற பையன் எத்தனை வீட்டில் இருக்கிறான்? சொல்ல வருவது வேறு. நீ வேனில் வைத்த ஆதாரம் ஆதாரமே இல்லை. உன் காலுக்கு அவள் வலி போகவே இல்லை. போனது என்று அவள் சொன்னாள், நீ நம்பினாய். இப்போது வலிக்கிறது என்று சொல்கிறாள், நம்ப மாட்டேன் என்கிறாய். சொன்னவள் ஒருத்திதான்.

அதற்காக மனசுக்கு இதில் பங்கே இல்லை என்று உன்னிடம் வாதாட மாட்டேன். அப்படிச் சொன்னால் அது நானும் ஒரு கட்சியில் சேர்ந்த மாதிரி. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஒரு வாரமாக அவளுக்குப் படபடப்பு. நாலு பேர் நம்மை எடை போடுவார்கள், புள்ளைக்குப் பேர் கெடக் கூடாது என்று. அது வலியைக் கூட்டியிருக்கும், நிச்சயமாகக் கூட்டியிருக்கும். ஆனால் யோசித்தால், எனக்கும் உனக்கும் ஏன் இந்த விடை அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது? உடம்பு என்று வந்தால் யார் மேலும் பழி இல்லை. மனசு என்று வந்தால் பழி அவள் மேல். நாம் நோயைத் தேடவில்லை, பழியைப் போட இடம் தேடினோம். பல வருஷம் பார்த்துவிட்டேன், இது எவ்வளவு உடம்பு எவ்வளவு மனசு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது தெரியாமலேயே தலை வாரிவிட முடிகிறது. கோணலாக வருகிறது, ஆனால் முடிகிறது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் ஒரு நாள் உன்னால் பார்க்க முடியாத ஒன்றைச் சொல்வாள். தலைவலியோ, பயமோ, எங்கோ யாரோ பேசியது பிடிக்கவில்லை என்பதோ. அப்போது ரிப்போர்ட் கேட்காதே. "இப்ப நான் இன்னா பண்ணட்டும்" என்று கேள். அவள் சொன்னதை முழுசாக நம்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை. நான் நம்பாத நாட்களிலும் அப்படிக் கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்கத்தான் நம்பிக்கை வந்தது.

பெண் வீட்டாரை நினைத்து நீ கவலைப்படுகிறாய் என்றால் அது இனி வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி விழுப்புரம் போனேன். உன் மாமியார் கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்றவர் முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், மாத்திரை எதற்கு என்று சொன்னேன், கை தூக்க முடியவில்லை என்றால் கை தூக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன். மறைத்துக் கல்யாணம் பண்ண எனக்கு விருப்பம் இல்லை, மனநோய்க் குடும்பம் என்று நீங்கள் நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஏண்ணா, இத அன்னிக்கே அண்ணி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தட்டுல போட்டு எடுத்துக்கினு போய் ஊட்டி வுட்டிருப்பனே. நான் மூணு நாளா தூங்கல. என் பொண்ணு கருப்புன்னுதான் எழுந்து போய்ட்டாங்கன்னு நெனைச்சிக்கினு கெடக்கறேன்."

"சொல்லி யாரும் நம்பல. அதனால சொல்றத வுட்டுட்டா."

"நம்பாம இன்னா? எனக்கு சுகர் ஏறினா கோவம் வருது, கோவம் வந்தா சுகர் ஏறுது. எது மொதல்ல வந்துச்சுன்னு எங்க வூட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் கண்டுபுடிக்கல."

அதற்குள் உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அத்தைக்கு மெத்தை ஒத்துக்குமா, பாய்தான் ஒத்துக்குமா என்று. மண்டபத்தில் மணமேடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை இருக்கிறதாம், அதைப் போட்டோக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்களாம், மாற்றிவிடலாம் என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கிளம்பும்போது ஒரு கேரியரில் சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்தார்கள். சாயங்காலம் உன் அம்மா அதைத் தட்டில் போட்டு, கையால் பிசைந்து, மெதுவாகச் சாப்பிட்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். முழுவதையும் சாப்பிட்டாள். ஆக, அவள் கை நனைத்தாயிற்று. அந்த வீட்டில் இல்லை, நம் வீட்டில். போனில் சொன்னேன், தங்களுக்கு அது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் வர மாட்டேன் என்றுதான் சொல்கிறாள். அவர்கள் கூப்பிட்டுவிட்டார்களே என்றேன். "அவங்க வராதன்னு சொல்லல மாமா" என்றாள். இந்த இடத்தில் அப்பா வேலை முடிந்துவிடுகிறது.

கல்யாணத்துக்கு எடுத்த அவள் பட்டுப்புடவை பீரோவில் இருக்கிறது. ரவிக்கைத் துணி இன்னும் அதிலிருந்து வெட்டவில்லை. தைக்கிற அக்கா நேற்று கடைக்கே வந்து, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் கல்யாணத்துக்கு முடித்துவிடலாம், அதற்குமேல் போனால் தன் மேல் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கைப்பகுதி இறுக்கமாக இருந்தால் உன் அம்மாவால் ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியாது, தொளதொளவென்று வைக்க வேண்டும். அதை நான் அந்த அக்காவிடம் சொல்லிக்கொள்கிறேன். மற்றதை அவளிடம் நீ சொல்.

அப்பா